சொக்கலிங்கத்துக்கு ஒரு புளியங்கொட்டை

குமரப்பன் தன் ஆயுளில் யாரையும் எங்கும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தவன் இல்லை. சொந்த மகள் கல்யாணத்துக்குச் சமையல்காரரை அழைத்துவரக் கார் அனுப்பினான். கார் போனது, சமையல்காரர் வரவில்லை. மறுநாள் அவர் எப்படியோ பஸ் பிடித்து வந்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆக்கிப் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, உப்புக் கொஞ்சம் கூட என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியிருந்தும் வலையபட்டியில் எந்தப் பயணத்துக்கும் திட்டம் போடுகிற உரிமை குமரப்பனுக்குத்தான் இருந்தது. பங்காளிகளில் சொந்தமாகக் கார் வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். கார் வைத்திருக்கிறவனுக்கு மூளையும் சேர்ந்தே இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஆவணி மாதம் பினாங்கிலிருந்து சொக்கலிங்கம் எழுதியிருந்தான். சொக்கலிங்கம் குமரப்பனுக்குப் பெரியப்பா மகன். சொர்ணவல்லிக்குக் கூடப் பிறந்த தம்பி; அக்காவை ஆச்சி என்பது அந்தப் பக்கத்து வழக்கம். மனைவி வள்ளிக்கண்ணுவை அழைத்துக்கொண்டு கப்பலேறிப் போய் வருஷம் பதினேழாகிறது. போன வருஷம் வள்ளிக்கண்ணு அங்கேயே கண்ணை மூடிவிட்டாள். பிள்ளை இல்லை. கடையைக் கொடுத்துவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தான். கப்பல் நாகப்பட்டினத்துக்கு வருகிறது; வள்ளிக்கண்ணுவின் அஸ்தியில் ஒரு பிடி கொண்டுவருகிறேன்; அதைக் கரைக்காமல் வீட்டு வாசல்படி மிதிக்க மனசில்லை; அதனால் இறங்கியதும் நேரே பூம்புகார் கடற்கரைக்குப் போய்விட வேண்டும்; வேறு யார் வந்தாலும் வராவிட்டாலும் ஆச்சியை எப்படியாவது அழைத்து வரவும். இவ்வளவுதான் விஷயம். கடிதத்தைக் குமரப்பன்தான் எல்லோருக்கும் படித்துக் காட்டினான். 'பினாங்கு' என்ற இடத்தில் குரலை உயர்த்தினான். அஸ்தி வந்த இடத்தில் வேகமாகப் போனான்.

பூம்புகாரை எதற்காகச் சொல்லியிருந்தான் என்பது சொர்ணவல்லிக்கு மட்டுமே தெரியும். அவள் கல்யாணமான சில வருஷத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். வள்ளிக்கண்ணு அந்த வீட்டுக்குள் மருமகளாக வந்தபோது அடுப்படியில் அவளுக்கு அடைக்கலம் கொடுத்தது ஆச்சிதான். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் அப்படி ஒட்டிக்கொண்டதைப் பார்த்து ஊரே கண் வைத்தது. கப்பலேறப் புறப்பட்ட அன்று வள்ளிக்கண்ணு பின்கட்டுக்கு ஓடிவந்து ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "கடலை நெனைச்சாலே பயமா இருக்கு ஆச்சி. திரும்பி வந்ததும் நீங்களும் நானும் பூம்புகார்ல கையைக் கோத்துக்கிட்டு ஒரு முழுக்குப் போடணும். அப்பத்தான் என் பயம் தெளியும்" என்றாள். பின்கட்டுக்கு ஏன் ஓடிவந்தாள் என்றால், வழியனுப்புகிற நேரத்தில் தாலி அறுத்தவள் எதிரே நிற்கக் கூடாது என்று சொர்ணவல்லியை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். முகப்பில் மங்கலச் சங்கு ஊதியது அவளுக்குச் சுவர் வழியாகத்தான் கேட்டது.

இந்தத் தடவை அவள் போயே ஆகவேண்டும். வள்ளிக்கண்ணு கடலில் கரையும்போது பக்கத்தில் ஒரு கை இருக்க வேண்டும், அது தன் கையாக இருக்க வேண்டும். சொர்ணவல்லிக்கு உலகத்தில் வேறு ஆசை எதுவும் மிச்சம் இல்லை.

குமரப்பன் பொது வீட்டின் நடுக்கட்டான வளவில் பங்காளிகளைக் கூட்டினான். ஒருவரை விட்டு ஒருவரைக் கூப்பிட முடியாது. விட்டால் அடுத்த கல்யாணத்தில் மொய்யோடு முகமும் திரும்பும். ஆகவே எல்லோரும் வந்தார்கள். துறைமுகத்திலிருந்து கடற்கரைக்கு ஒரு மனிதனைக் கூட்டிப்போகிற காரியத்துக்கு வளவு கொள்ளாத கூட்டம்.

"ரயில்ல போனா என்ன?" என்று யாரோ கேட்டார்கள்.

"ரயில்ல போனா யாரு பாப்பாக?" என்றான் குமரப்பன். அந்தக் கேள்விக்குப் பிறகு ரயில் பேச்சு எழவே இல்லை.

சுண்ணாம்புக் கட்டியால் தரையில் பெரிய படம் வரைந்தான். இங்குட்டு வலையபட்டி, அங்குட்டு நாகப்பட்டினம், அதற்கு வடக்கே காரைக்கால், அதற்கும் வடக்கே காவிரி கடலில் விழுகிற பூம்புகார். கடலுக்கு அலைகூடப் போட்டான். பிறகு மூன்று கட்டம் வரைந்தான். முதல் கட்டம் அவனுடைய கார். இரண்டாவது கட்டம் வாடகை வேன். மூன்றாவது சாமான் லாரி. லாரி எதற்கு என்று கேட்கக் கூடாது. நம் ஆட்கள் காரைக்குடிக்குக் கடைக்குப் போனாலே கட்டுச்சோறு, கூஜா, ஜமுக்காளம் எல்லாம் கூடப் போகும். நாகப்பட்டினம் என்றால் சமையல்காரர், அண்டா, குண்டா, பலகாரத் தகரம், திண்டு தலையணை, எச்சில் துப்பப் படிக்கம் என்று வீட்டில் பாதி கிளம்பிவிடும். துறைமுகத்தில் வரவேற்க நாகசுரமும் உண்டு. செத்துப்போன மனைவியின் சாம்பலோடு இறங்குகிறவனுக்கு நாகசுரமா என்று யாருக்கும் தோன்றவில்லை.

யார் யார் எதில் போவது என்று பார்க்க நாகம்மை ஒரு சுளகில் புளியங்கொட்டை கொண்டுவந்து வைத்தாள். நாகம்மை குமரப்பனின் மனைவி. புருஷனுடைய திட்டங்களுக்கு வேண்டிய தளவாடங்களைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கிற புத்திசாலி. நகரத்தார் வழக்கப்படி கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி. கோயில் வரி முதல் கல்யாணப் பலகாரம் வரை எல்லாமே புள்ளிக் கணக்குத்தான். ஆகவே புள்ளிக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு கொட்டை என்று முடிவானது. ஜோடியில் துணையை இழந்தவர் அரைப் புள்ளி. அந்த அரைப் புள்ளிக்கு எப்படிக் கொட்டை வைப்பது என்று பங்காளிகளில் மூத்தவரான சாத்தப்பர் நியாயமான சந்தேகம் ஒன்றைக் கிளப்பினார். குமரப்பன் சுளகைக் கிளறி, உளுத்துப்போன சொத்தைக் கொட்டை ஒன்றைத் தேடி எடுத்தான்.

"இது ஆச்சி" என்று சொல்லிக் காரின் பின்சீட்டில் வைத்தான்.

தூணோரம் நின்றிருந்த சொர்ணவல்லிக்குச் சொத்தை என்பதில் வருத்தம் இல்லை. சீட்டில் இருக்கிறது, அது போதும்.

ஆனால் அந்தக் கொட்டை வெகுநேரம் அங்கே இருக்கவில்லை. சாத்தப்பர் மூத்தவர், அவர் வேனில் போனால் மரியாதை இல்லை என்று காருக்கு வந்தார். சாத்தப்பர் காருக்கு வந்தால் அவருடைய மைத்துனர் வேனில் எப்படி உட்காருவார்? அவரும் காருக்கு வந்தார். ஆச்சி வேனுக்குப் போனாள். வேனில் நாகசுரக்காரர் வாத்தியத்தோடு ஏறினார். ஆச்சி லாரிக்குப் போனாள். லாரியில் சமையல்காரர் பக்கத்தில் வைத்தான் குமரப்பன். கொஞ்ச நேரத்தில் அங்கே அண்டா ஏறியது. கொட்டை தரையில் வரைந்த கடலுக்குப் போய்விட்டது.

"ஒரு பஸ்ஸைப் பிடிச்சு நானும் நீயும் போனாப் போதுமே குமரப்பா. கப்பல்ல வாரவன் ஒத்த ஆளு" என்றாள் சொர்ணவல்லி.

எல்லோரும் சிரித்தார்கள். பினாங்கிலிருந்து வருகிறவனைப் பஸ்ஸில் கூட்டி வருவதா?

"அதில்ல ஆச்சி" என்று சாத்தப்பர் தொண்டையைச் செருமினார். "நாளு கழிச்சுக் கரையில கால் வைக்கிறான். மொத மொத மொகத்துல முழிக்கிறது நல்ல சகுனமா இருக்கணும். நீங்க கோவிச்சுக்கக் கூடாது. வீட்டுலயும் முகப்புப் பக்கம் வராம, பின்கட்டுல இருங்க. எல்லாம் முடிஞ்சப்பறம் அவனே வந்து பாப்பான்."

சாம்பலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவன் நல்ல சகுனம். அவன் அக்கா கெட்ட சகுனம். சாத்தப்பரின் கணக்கு அப்படி. சொர்ணவல்லிக்குப் பதினேழு வருஷத்துக்கு முன் முதுகில் குத்தின அதே பின்கட்டுச் சுவர் மறுபடியும் முதுகில் வந்து முட்டியது போல இருந்தது.

அப்போதுதான் அவள் தரையைப் பார்த்தாள். கார் நிரம்பியிருந்தது. வேன் நிரம்பியிருந்தது. லாரியில் அண்டாவுக்கும் படிக்கத்துக்கும்கூட இடம் ஒதுக்கியிருந்தார்கள். போகிற புள்ளி ஒவ்வொன்றுக்கும் கொட்டை இருந்தது. கப்பலில் வருகிற சொக்கலிங்கத்துக்குத்தான் கொட்டை இல்லை. கூப்பிடப் போகிறவர்களை எண்ணினார்களே தவிர, கூப்பிட்டு வர வேண்டியவனை ஒருவரும் எண்ணவில்லை.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். சாத்தப்பர் அவள் முகத்தைப் பார்க்காமல் மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டாள். குனிந்து, கடலில் கிடந்த சொத்தைக் கொட்டையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுறானாம்" என்று பின்கட்டுக்குப் போகிற வழியில் சொன்னாள். அது நாகம்மை காதில் விழுந்தது. நாகம்மை கேட்காதவள் போல் சுளகைத் தட்டினாள்.

கப்பல் வருகிற நாளுக்கு முந்தின நாள் விடிந்தபோது பின்கட்டில் ஆச்சி இல்லை. கோவிலூருக்குச் சாமி கும்பிடப் போயிருப்பாள் என்று நினைத்தார்கள். திட்டத்தில் அவள் இல்லாததால் யாரும் தேடவும் இல்லை. அவள் புதுக்கோட்டை, தஞ்சாவூர், மாயவரம் என்று பஸ் மாறி மாறிப் போய்ப் பூம்புகாரில் இறங்கிக் கோயில் பக்கத்துச் சத்திரத்தில் படுத்திருந்தாள். காசிக்கே கூட்டத்தோடு போய்வந்தவள். ஆனால் தன் காசில் தனியாகச் சீட்டு வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. காற்று முகத்தில் அடித்தது. இதற்கா இவ்வளவு நாள் பயந்தோம் என்று இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து கடற்கரையில் காத்திருந்தாள். அன்று அமாவாசை வேறு. முழுகுகிற கூட்டமும் சுண்டல் விற்கிற கூட்டமும் மணலை மறைத்தன. காவிரி கடலில் சேருகிற முகத்துவாரத்தில், வருகிற ஒவ்வொரு காரையும் பார்த்தாள். காரில் வந்தவர்கள் எல்லாம் வேறு யாரோ.

சொக்கலிங்கம் பஸ்ஸில் வந்தான். வெள்ளை வேட்டி, கையில் ஒரு சின்னத் துணிப்பை, தலையெல்லாம் நரை. கூட்டத்தில் தடுமாறி நின்றவனை அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"சொக்கு!"

அவன் திரும்பினான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிரே போய் நின்றாள். அவன் குழந்தை மாதிரி அழுதான். அவளும் அழுதாள்.

"மொத மொத என் மொகத்துல முழிக்கக் கூடாதுன்னாக" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"யாரு சொன்னது? நானும் அரைப் புள்ளிதானே ஆச்சி, என்னை மட்டும் மேளம் வச்சுக் கூப்பிடுறாக!" என்றான்.

துறைமுகத்தில் நடந்ததை மணலில் உட்கார்ந்து சொன்னான். கப்பல் கரைக்கு வராமல் தள்ளியே நின்றுவிட, படகில் கொண்டுவந்து இறக்கினார்கள். சுங்கக்காரர்கள் பெட்டிகளைக் குடைந்து முடித்து வெளியே வந்ததும் நாகசுரம் முழங்கியது. மாலை விழுந்தது. எல்லோரும் பெட்டிகளை எண்ணினார்கள். பிறகு ஏறலாம் என்று பார்த்தால் ஏற இடம் இல்லை. முதலில் இது யாருக்கும் புரியவில்லை. ஏதோ தப்பு என்று எல்லோரும் இறங்கித் திரும்ப ஏறிப் பார்த்தார்கள். அப்போதும் சொக்கலிங்கம் வெளியேதான் நின்றான்.

"அப்பறம்?"

"பெட்டிக்கு எடம் கெடைச்சுருச்சு ஆச்சி. அண்டாவை எறக்கி வச்சுட்டுப் பெட்டியெல்லாம் ஏத்திட்டாக. ஆளுக்கு ஒரு பெட்டியை மடியில வச்சுக்கவும் தயார். எனக்கு எடம் விட யாரு எறங்குறதுன்னுதான் தகராறு. சாத்தப்பண்ணன் எறங்கினா மரியாதை போயிரும். அவுக மச்சான் எறங்கினா சம்பந்தம் போயிரும். குமரப்பன் எறங்கினாத் திட்டம் போயிரும். நான் ஒரு காப்பி குடிச்சிட்டு வாரேன், அதுக்குள்ள முடிவு பண்ணுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். எதிர்த்தாப்புல பூம்புகார் பஸ் நின்னுச்சு."

"ஏறிட்டியா?"

"கண்டக்டர் ஒத்த ஆளுதானேன்னு கேட்டு எடம் குடுத்துட்டான்."

சொர்ணவல்லி சிரித்தாள். பதினேழு வருஷத்துக்கும் சேர்த்து வைத்துச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் அவன் துணிப்பையை அவிழ்த்தான். உள்ளே மஞ்சள் துணி சுற்றிய சின்னக் கலயம். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். எவ்வளவு பேச்சுப் பேசுவாள் வள்ளிக்கண்ணு! அந்தப் பேச்சுக்காரி இப்போது உள்ளங்கையில் அடங்கிவிட்டாள்.

இருவரும் இடுப்பளவுத் தண்ணீருக்குப் போனார்கள். கலயத்தைக் கவிழ்த்தான் சொக்கலிங்கம். சாம்பல் நுரையில் ஒரு கணம் மிதந்து, பிறகு காணாமல் போனது. சொர்ணவல்லி தண்ணீருக்குள் கையை நீட்டி விரல்களை விரித்து வைத்துக்கொண்டாள். "பயப்படாதடி. நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு முழுகினாள்.

வாகனங்கள் வரும் என்று பொழுது சாய்கிற வரைக்கும் பார்த்தார்கள். வரவில்லை. அவள் கொண்டுவந்திருந்த புளிச்சோற்றை இருவரும் சாப்பிட்டுவிட்டு மாயவரம் போய்த் தங்கி, மறுநாள் விடியற்காலை முதல் பஸ் பிடித்து வலையபட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். வாசலில் மாவிலைத் தோரணம் வாடிக்கொண்டிருந்தது. ஆரத்தித் தட்டோடு நின்ற நாகம்மை, சொக்கலிங்கம் அக்காவோடு தெருவில் நடந்து வருவதைப் பார்த்து வாயைப் பிளந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, இரண்டு பேரையும் சேர்த்து நிற்க வைத்து ஆரத்தி சுற்றினாள். அது புருஷனுடைய திட்டத்தில் இல்லாத காரியம்.

வெயில் உச்சிக்கு வந்தபோது கார் வந்தது. பின்னால் வேன், அதன் பின்னால் லாரி. இறங்கியவர்கள் ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. கார் ஓட்டிப்போன ஆசைத்தம்பிதான் ஆச்சியிடம் விவரம் சொன்னான். காப்பிக்கடைகளில் எல்லாம் சொக்கலிங்கத்தைத் தேடியிருக்கிறார்கள். ஒருவேளை கடற்கரைக்குப் போயிருப்பான் என்று கடைசியில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. போகிற வழியில் காரைக்கால். மதராஸ் ராஜ்யத்தில் மதுவிலக்கு. காரைக்காலில் கடை திறந்து கிடக்கிறது. பங்காளிகளில் சிலருக்கு அங்கே திடீரென்று வயிற்று வலி வந்து மருந்து வாங்கவேண்டியதாகிவிட்டது. மருந்துப் பாட்டில்களைப் பலகாரத் தகரத்தில் தேன்குழலுக்கு அடியில் வைத்தார்கள். எல்லைச் சோதனைச் சாவடியில் தகரத்தைத் திறந்தார்கள். பிறகு பெட்டிகளைத் திறந்தார்கள். அத்தனையும் சீமைச் சரக்கு. சுங்கச் சீட்டு எங்கே என்றால், பெட்டிக்காரரிடம் இருக்கிறது. பெட்டிக்காரர் எங்கே என்றால், காப்பி குடிக்கப் போனார். சொந்தக்காரன் இல்லாத பெட்டிகளை இத்தனை பேர் மடியில் வைத்துக்கொண்டு, மேளக்காரரோடு எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் எவன் பதில் சொல்லுவான்? தெரிந்த வக்கீல் ஒருவர் வந்து சொல்லி, பாட்டிலுக்கு அபராதம் கட்டி, விடிந்துதான் விட்டிருக்கிறார்கள்.

"சாத்தப்ப அய்யா ராத்திரி முழுக்கப் படிக்கத்துமேல தலை வச்சுப் படுத்திருந்தாக ஆச்சி" என்றான் ஆசைத்தம்பி.

சாத்தப்பர் அப்போது வாசல்படிக்கு வந்துவிட்டார். நிமிர்ந்து பார்த்தார். நிலைக்கு நடுவில் சொர்ணவல்லி நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி. எடுத்த கால் அப்படியே நின்றது.

"ஆச்சி, கொஞ்சம் அங்குட்டு..."

"ஏன்?"

அவர் எடுத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பின்னால் வந்த பங்காளிகளும் நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போலீஸ் காவலிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் நல்ல சகுனத்துக்காகக் காத்து நின்றார்கள். சொர்ணவல்லி அசையவில்லை. தரை கொதித்தது. நாகம்மை உள்ளேயிருந்து மோர்ச் செம்பைத் தூக்கிக் காட்டினாள். வெயில் ஏற ஏறச் சகுனம் இறங்கியது. கடைசியில் சாத்தப்பர் தலையைக் குனிந்துகொண்டு, அவளை உரசாமல் ஓரமாக நுழைந்து போனார். மற்றவர்களும் வரிசையாகப் போனார்கள்.

குமரப்பன் கடைசியாக வந்தான். பெட்டிகளை இறக்கிவைக்கச் சொல்லிவிட்டு, முகப்பில் கால் நீட்டி உட்கார்ந்து மோர் குடிக்கிற சொக்கலிங்கத்தைப் பார்த்தான். ஆச்சியைப் பார்த்தான்.

"எல்லாம் சரியாத்தானே போட்டேன் ஆச்சி. எங்க தப்புச்சுன்னே தெரியலை."

சொர்ணவல்லி முந்தானை முடிச்சை அவிழ்த்து, சொத்தைக் கொட்டையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"உன் படத்துல ஒண்ணு கொறைஞ்சுச்சு குமரப்பா. அதான் எடுத்து வச்சிருந்தேன்."

"இது நீங்கதானே ஆச்சி?"

"நான் என் காசுல போயிட்டு வந்துட்டேன். இது நீ கூட்டியாரப் போன ஆளு."